சேதமில்லாமல் பிரிப்பது

ஜூன் 4

மதிப்பிற்குரிய பட்டறை முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களால் வருகிற தலைவலியெல்லாம் எப்போதும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தானே.

இனிமேல் போன் வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எனக்கும் அது சௌகரியம்தான். காகிதத்தில் நீங்கள் என்ன கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

விவாகரத்து ஒப்பந்தத்தில் சிவப்பியைப் பற்றி எழுதியிருப்பதை நீங்கள் மறந்திருக்க முடியாது. அந்த ரெண்டு சீட்டு சிவப்புக் காரை விடமாட்டேன் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்றீர்கள், நானும் நின்றேன். வக்கீல் கடுப்பாகி, "அப்ப வண்டியையும் பிரிச்சுக்கங்க, ஆளுக்குப் பாதி" என்றார். அவர் கிண்டலுக்குச் சொன்னது. நாம் இரண்டு பேரும் ஒரே குரலில் சரி என்றோம். கல்யாண வாழ்க்கையில் நாம் ஒரே குரலில் சொன்ன சரி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அடியில் இருக்கிற இரும்புக் கூடும் எஞ்சினும் உங்களுக்கு. அதன் மேலும் கதவு, பானெட், டிக்கியின் இரும்புச் சட்டங்கள் மேலும் ஒட்டியிருக்கிற ஃபைபர் பாடி முழுவதும் எனக்கு, 'சேதமில்லாமல்'. அந்த வார்த்தையைச் சேர்க்கச் சொன்னது நான்தான்.

இன்னும் ஒரு துண்டுகூட வந்து சேரவில்லை. இங்கே நான் வாடகைக்குப் பிடித்த கொட்டகை காலியாகக் கிடக்கிறது. அந்த மாடலுக்குப் பாகம் செய்பவர்கள் இப்போது யாருமில்லை. உடைந்த வண்டியை வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிவப்பியின் பாகங்கள் முழுசாக வந்தால் அவற்றின் மேல் அச்சு எடுத்து, புதிதாக வார்த்துக் கொடுப்பேன். பாகத்தில் ஒரு விரிசல் இருந்தால் அச்சிலும் விழும், அப்புறம் வார்க்கிற ஒவ்வொன்றிலும் விழும். இது என் பிழைப்பு. தயவுசெய்து இதில் விளையாடாதீர்கள்.

எப்படிக் கழற்றுவது என்று சொல்கிறேன். விளக்கு, கண்ணாடி, ரப்பர் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். ரப்பர் இருந்த பள்ளத்தில் விரலை விட்டுத் தடவினால் மெல்லிய எஃகுக் கம்பியின் நுனி தட்டுப்படும். பசைக்கோட்டின் உள்ளோரமாக அந்தக் கம்பி படுத்திருக்கிறது. ஹீட் கன்னால் வெளிப்பக்கம் சூடு காட்டுங்கள். உள்ளங்கை பொறுக்கிற சூடு போதும், மீறினால் ஃபைபர் கொப்பளித்துவிடும். பசை ரப்பர் மாதிரி இளகியதும் கம்பியின் இரண்டு நுனியையும் கட்டையில் சுற்றி வெளியே பார்த்து இழுத்தால், அது பசையை அறுத்துக்கொண்டே வரும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பக்கூடாது. உங்களுக்கு எதையும் நெம்பிப் பார்க்கிற வியாதி உண்டு, அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணன் லாரியில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் உங்கள் பட்டறையில் நிறுத்துவார். கழற்றியதையும் பதில் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாடிக்குச் சொந்தக்காரி

ஜூன் 12

பசைக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறையில் படித்தால் எல்லோரும் என் மூஞ்சியைப் பார்ப்பார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேயும் பார்த்தார்கள்.

ஹீட் கன்னை எப்படிப் பிடிப்பது என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். நல்லது. நீ போன பிறகு நாங்கள் இங்கே எல்லா வண்டியையும் சுத்தியலால் அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று நினைப்போ என்னவோ.

பானெட்டை நேற்று எடுத்துவிட்டேன். அலுங்காமல் வந்தது. உன் அண்ணனிடம் கொடுத்தாயிற்று. அவர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நீ வாடிக்கையாளர் வண்டிகளில் கம்பி வைப்பாய், அது எனக்குத் தெரியும். என்றைக்காவது மோதிக்கொண்டு வருவார்கள், அப்போது சுலபமாகக் கழற்றலாம். நியாயம். சிவப்பியிலும் வைத்திருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். அது நாம் கல்யாணமான வருஷம் நமக்கென்று கட்டின வண்டி. எரிந்துபோன கூடாக வாங்கிவந்து, வாரக் கடைசியெல்லாம் அதன் கீழேயே கிடந்து கட்டினோம். ஒட்டுகிற அன்றைக்கே பிரிப்பதற்கு வழி வைத்துவிட்டு, என் பக்கத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி நின்று சிரித்திருக்கிறாய். பானெட் கம்பியை இழுக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கட்டிலுக்கு அடியில் உன் சூட்கேஸ் எப்போதும் பாதி நிரம்பியே இருக்குமே, அதற்கும் இதற்கும் ஒரே புத்தி. எந்த இடத்திலும் நீ முழுசாக இருந்ததே இல்லை. நான்தான் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
இரும்புக்குச் சொந்தக்காரன்

ஜூன் 20

முதலாளி அவர்களுக்கு,

பானெட் வந்தது. ஓரத்தில் துணி சுற்றாமல் அட்டை சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். அட்டை உராய்ந்து பெயிண்ட் மங்கிவிட்டது. ஃபைபருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் இந்த முறை விட்டுவிடுகிறேன். அடுத்ததற்குப் பழைய போர்வை சுற்றுங்கள். என்னுடைய நீலப் போர்வை அங்கேதான் இருக்கிறது, அதையே சுற்றலாம், எனக்கு அது திரும்ப வேண்டாம்.

கம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். கம்பி வைப்பது என் வேலை முறை. எதை ஒட்டினாலும் என்றைக்காவது அதைக் கழற்ற வேண்டி வரும். அப்போது கழற்றுகிறவன் உடைக்காமல் கழற்றட்டும் என்றுதான் வைப்பது. அதில் உங்களுக்கு எரிச்சல் வந்தால் நான் என்ன செய்ய முடியும்? அந்தக் கம்பி இருந்ததால்தானே பானெட் அலுங்காமல் வந்தது, வாயைத் திறந்து அதைச் சொல்லக்கூட உங்களுக்கு மனசு வரவில்லை.

சூட்கேஸையும் இழுத்துவிட்டீர்கள். இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரே ஒரு நாள் கேட்டிருக்கலாம். நான் ஒட்டி முடித்த கதவை வாடிக்கையாளர் முன்னாலேயே கையால் ஓங்கித் தட்டி, "நிக்குமான்னு பாக்குறேன்" என்று சிரித்தீர்களே, அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சூட்கேஸை வெளியே இழுத்தேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டீர்கள். இழுத்த சத்தம்கூட உங்களுக்குக் கேட்கவில்லை. நான்தான் மறுபடி உள்ளே தள்ளினேன்.

இனி மட்கார்டுகள், கதவுகள், டிக்கி. கூரை கடைசி.

இப்படிக்கு,
பசைக்காரி (அந்தப் பெயரை நீங்கள் இளக்காரமாக வைத்தீர்கள். கொட்டகை வாசலில் அதையே போர்டாக எழுதி மாட்டிவிட்டேன்.)

ஜூலை 2

பசைக்காரிக்கு,

கதவுகளும் டிக்கியும் நீலப் போர்வையில் வருகின்றன. போர்வை கிழிந்திருந்தால் அது ஏற்கெனவே கிழிந்திருந்தது.

இடது பின் மட்கார்டில்தான் வம்பு. கம்பி பாதி தூரம் நன்றாக வந்தது, சக்கர வளைவுக்குப் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டது. இன்னும் சூடு காட்டி இழுத்தேன். கரகரவென்று சத்தம் வந்து கம்பி அறுந்துபோனது. வலது பக்கத்திலும் அதே கதை. துருப்பிடித்த கம்பியை வைத்திருக்கிறாய், அல்லது பசை கலக்கும்போது சரியாகக் கலக்கவில்லை, அங்கங்கே கட்டி தட்டிவிட்டது. உன் வேலை முறையின் லட்சணம் இதுதான்.

இதற்கு மேல் இழுத்தால் மட்கார்டு விரியும். விரிந்தால் என் மேல் பழி போடாதே. நீ வைத்தது, நீ ஒட்டியது. என்ன செய்வது என்று நீயே எழுது.

உன் அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். "ஏன் மாப்ள, உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்படிக்கு,
இரும்புக்காரன்

ஜூலை 9

ஆணிக்காரருக்கு,

புதுப் பெயர் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் முழுவதையும் படித்தால் ஏன் வைத்தேன் என்று புரியும்.

பசை கட்டி தட்டினால் கம்பி வழுக்கும், இல்லை சிக்கி நிற்கும். கரகரவென்று சத்தம் வராது. கம்பி இரும்பில் உரசினால்தான் அந்தச் சத்தம் வரும். பசைக்கோட்டுக்குள் நான் இரும்பு எதையும் வைக்கவில்லை. இரண்டு மட்கார்டிலும், ஒரே மாதிரி, சக்கர வளைவுக்குப் பக்கத்தில்! அங்கே உள்பக்கமாக மடித்த விளிம்பில் ரிவிட் ஆணி அடித்தால் வெளியே தெரியாது. மேலே பட்டி தடவி, கருப்பு பெயிண்ட் அடித்துவிட்டால் சேறு பட்ட இடம் மாதிரி இருக்கும். அந்தச் சேற்றைத்தான் நான் இத்தனை வருஷம் கழுவிக்கொண்டிருந்தேனா?

நான் சாப்பிடப் போன நேரத்தில் அடித்தீர்களா? இல்லை, பசை வாங்க என்னை அனுப்பிவிட்டு அடித்தீர்களா?

ஒரு நாள் பெரிய மழையில் நாம் இரண்டு பேரும் அந்த வண்டியில் வந்தோம். ரோடே இல்லை, குழிதான் இருந்தது. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. பட்டறைக்கு வந்ததும் நீங்கள் இறங்கி ஒவ்வொரு மட்கார்டாகத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி, "பாத்தீங்களா, என் பொண்டாட்டி பசை! ஒரு நூல் அசையல" என்றீர்கள். என் தோளில் தட்டினீர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மழைத்தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன். நீங்கள் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். உங்களோடு சண்டை வருகிற போதெல்லாம் அந்த ஒரு தடவையை எடுத்து வைத்துக்கொண்டு மனசைத் தேற்றிக்கொள்வேன். உள்ளே ரிவிட் இருப்பது தெரிந்தே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறீர்கள். என்னை அத்தனை பேர் முன்னாலும் ஏமாளியாக நிறுத்தியிருக்கிறீர்கள். கதவைத் தட்டியதைக்கூட மன்னித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை முடியாது.

இப்போது வேலை. பட்டியைச் சுரண்டி எடுங்கள். ரிவிட் தலை தெரியும். உளி வைத்துத் தட்டக்கூடாது, விளிம்பு பிளந்துவிடும். ரிவிட்டின் அளவுக்கே ட்ரில் பிட் போட்டு, தலையை மட்டும் மெதுவாகக் கடைந்து எடுங்கள். மிச்சமிருக்கிற ரிவிட் தண்டை ஒரு கம்பியால் உள்ளே தள்ளிவிடுங்கள். அதற்கப்புறம் புதுக் கம்பியை ஊசி மாதிரி பசையில் குத்தி உள்ளே விட்டு, மிச்சத்தை அறுங்கள். அடிக்கத் தெரிந்தவருக்குக் கழற்றவும் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஏமாளி

ஜூலை 15

பசைக்காரிக்கு,

ஆமாம், போட்டேன். இப்போது என்ன?

கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நீ எங்கே தொழில் கற்றாய், எப்படிப் பசை கலக்குவாய், எனக்கு என்ன தெரியும்? வேகமாகப் போகும்போது மட்கார்டு பிய்த்துக்கொண்டு போனால் சக்கரத்தில் சிக்கும், வண்டி புரளும். பக்கத்து சீட்டில் உட்காரப் போவது நீ. உன் ரோஷத்தைப் பார்ப்பதா, உன் தலையைப் பார்ப்பதா? தலையைப் பார்த்தேன். அதற்கு இவ்வளவு பெரிய வழக்கு.

மழையில் நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்குப் பானெட்டிலும் கதவிலும் டிக்கியிலும் ரிவிட் கிடையாது. அவையும் ஒரு நூல் அசையவில்லை. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் உனக்குப் பிடித்த பாதியைத்தான் நீ எப்போதும் எடுத்துக்கொள்வாய்.

நீ மட்டும் என்ன யோக்கியம்? கம்பி வைத்ததை என்னிடம் சொன்னாயா? உன் அண்ணன் நம் இரண்டு பேர் கடிதத்தையும் படித்துவிட்டார் போல. நான் கொடுக்கவில்லை, லாரியில் போகும்போது பிரித்திருப்பார். இங்கே வந்து டீ குடித்துக்கொண்டே சொல்கிறார்: "அவ கழட்ட கம்பி வெச்சிருக்கா. நீங்க கழறாம இருக்க ஆணி வெச்சிருக்கீங்க. அந்த வண்டி பாவம், எப்படித்தான் ஓடுச்சோ." பட்டறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிவிட்டுகளைக் கடைந்து எடுத்தாயிற்று. மட்கார்டுகள் நான்கும் வருகின்றன. பின் இரண்டில் துளைகள் இருக்கும். உள்விளிம்பில்தான், வெளியே தெரியாது.

ஆணிக்காரன் (உனக்கு மட்டும்தான் போர்டு மாட்டத் தெரியுமா?)

ஜூலை 24

ஆணிக்காரருக்கு,

மட்கார்டுகள் வந்தன. துளைகளை அடைத்துவிட்டேன். அச்சில் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் தலையைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் தலையைக் காப்பாற்ற நினைத்தவர் என்னிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், "இது நிக்குமா?" என்று. நான் ஒரு துண்டை ஒட்டி, உங்கள் கண் முன்னாலேயே அதில் ஆளைத் தொங்கவிட்டுக் காட்டியிருப்பேன். உங்களுக்குக் கேட்கத் தெரியாது. ஆள் இல்லாதபோது துளைபோடத்தான் தெரியும்.

கூரை பாக்கி. எனக்கு முதலில் வந்த வாடிக்கையாளருக்குக் கூரைதான் வேண்டும். அந்த மாடலில் கூரைதான் முதலில் விரியும், எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். கூரை இல்லாவிட்டால் நான் அச்சு எடுத்து வைத்திருக்கிற மற்றதெல்லாம் வெறும் குப்பை. அவர் இன்னும் கொஞ்ச நாள்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சீக்கிரம் அனுப்புங்கள்.

அண்ணனைக் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று திட்டியிருக்கிறேன். இதையும் படித்துவிட்டு வருவார்.

பசைக்காரி

ஆகஸ்ட் 1

பசைக்காரிக்கு,

கூரையில் கம்பி இல்லை.

ரப்பர் பள்ளம் முழுவதும் விரலை விட்டுத் தேடிவிட்டேன், கண்ணாடி இருந்த இடம், கதவுக்கு மேலே, பின்னால், எங்கேயும் நுனி இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். அதோடு, மற்ற இடத்தில் இருக்கிற கருப்பு ரப்பர் பசை இல்லை இது. தேன் நிறத்தில் கல்லு மாதிரி கிடக்கிறது. சூடு காட்டினேன். பசை அசையவில்லை, கூரை ஓரத்தில் கொப்பளம் கிளம்பப் பார்த்தது. உடனே நிறுத்திவிட்டேன். சத்தியமாக நிறுத்திவிட்டேன், கொப்பளம் வரவில்லை.

கல்லாகிற அந்தப் பசையை நீ எந்த வண்டிக்கும் போட்டு நான் பார்த்ததில்லை. "ஒட்டுனா ஒட்டுனதுதான், யாராலயும் பிரிக்க முடியாது" என்று நீயே எல்லோரையும் மிரட்டுவாய். கம்பி வைக்க மறந்துவிட்டாயா? உன் முறை, முறை என்று மூச்சுக்கு மூச்சு எழுதினாயே, அது எங்கே போனது?

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், கூரையில் ரிவிட் கிடையாது. ஒன்றுகூட இல்லை. சந்தேகமாக இருந்தால் அண்ணனை வந்து தடவிப் பார்க்கச் சொல்.

எனக்குத் தெரிந்து ஒரே வழி, கூரையைத் துண்டு துண்டாக அறுத்து எடுப்பது. உன் ஒப்பந்தத்தில் 'சேதமில்லாமல்' என்றுதான் இருக்கிறது. வக்கீலைக் கேட்டு எழுது.

ஆணிக்காரன்

ஆகஸ்ட் 8

உங்களுக்கு,

மறக்கவில்லை.

கூரைதான் நாம் கடைசியாக ஒட்டியது. அதை மேலே ஏற்றிப் பிடிக்க அன்றைக்குப் பட்டறையில் ஆளில்லை, பிடிக்கிற கிளாம்பும் இல்லை. நீங்கள் வண்டிக்குள்ளே நின்றுகொண்டு இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தீர்கள். நான் பசை பூசினேன், நீங்கள் இறக்கினீர்கள், இறுகுகிற வரைக்கும் அப்படியே நின்றீர்கள். வேர்த்துக் கொட்டியது. ஆனால் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. "நிக்குமா?" இல்லை. "சரியா கலந்தியா?" இல்லை. நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன மாதிரி நின்றீர்கள்.

பூசுவதற்கு முன்னால் கம்பியைக் கையில் எடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். கம்பியைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டேன். ரப்பர் பசை டப்பாவையும் மூடிவிட்டு, கல்லாகிற பசையைக் கலந்தேன். இந்த ஆளோடு இருந்துவிடலாம் என்று அப்போது தோன்றியது. அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அதை உங்களிடம் சொன்னதில்லை.

போகட்டும். அது என் முட்டாள்தனம், அதற்கு இப்போது நான்தான் அனுபவிக்கிறேன். அதனால் கூரை உங்களுடையது ஆகிவிடாது. துண்டு துண்டாக அறுத்து அனுப்பினால் நான் நேராக வக்கீலிடம்தான் போவேன்.

முழுசாக எடுக்க ஒரு வழி இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாமல் இல்லை, எழுத மனசு வரவில்லை. ஒட்டு அசையாது. ஆனால் ஒட்டுக்குக் கீழே இரும்புக் கூட்டின் தூண்கள் இருக்கின்றன. முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும், கதவுக்குப் பின்னாலும். அவற்றை வெட்டினால் கூரை தன் கீழே ஒட்டிய இரும்போடு முழுசாக மேலே வரும்.

வெட்டினால் உங்கள் கூடு போயிற்று. அதன் மேல் இனி எதையும் நேராக உட்கார வைக்க முடியாது, எஞ்சினை வேறு எதிலாவதுதான் போட வேண்டும். அறுத்தால் என் கூரை போயிற்று, கொட்டகையும் போயிற்று. இரண்டில் ஒன்று. நீங்கள் எதை அறுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் உங்களைப் பார்த்தவள். அண்ணன் அடுத்த வாரம் வருவார், துண்டுகளையாவது போர்வையில் சுற்றிக் கொடுங்கள்.

பசைக்காரி

ஆகஸ்ட் 17

பசைக்காரிக்கு,

உனக்கு என்னைத் தெரியுமாம். ரொம்ப நன்றாகத் தெரியும்!

வெட்டிவிட்டேன். கூரையை இல்லை.

உன் அண்ணன் கூட நின்றார். கட்டிங் மெஷினை முதல் தூணில் வைத்ததும், "மாப்ள, வேணாம், கோவத்துல பண்ணாதீங்க" என்று கையைப் பிடித்தார். கோபத்தில்தான் செய்கிறேன் என்றேன். தூண்கள் எல்லாம் போன பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். ஒரு விரிசல் இல்லை, ஒரு கீறல் இல்லை. தீப்பொறி படக்கூடாது என்று ஈரச்சாக்கு போட்டு மூடித்தான் வெட்டினேன். இனிமேல் இந்த விஷயத்தில் குறை சொல்ல உனக்கு வாயே இருக்கக்கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும்.

கூரை ஒட்டிய அன்றைக்கு நான் ஏன் பேசவில்லை என்று நீயாக ஒரு கதை கட்டியிருக்கிறாய். கேட்டுக்கொள். கை மரத்துப் போயிருந்தது. பேசினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் கூரை அசையும், அசைந்தால் நீ திட்டுவாய். பயத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்து நீ வாழ்க்கையையே முடிவு செய்திருக்கிறாய். என்னத்தைச் சொல்வது.

நீ கை கழுவப் போனதும் ட்ரில்லை எடுத்தது உண்மைதான். பிட்டும் மாட்டினேன். கூரை ஓரத்தில் முனையை வைத்தேன், அப்புறம் துளை போடாமலே எடுத்துவிட்டேன். ஏன் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நம்பிக்கை என்றெல்லாம் எழுதி உன்னிடம் நல்ல பேர் வாங்க எனக்கு ஆசையில்லை. எடுத்தேன், வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

கூடு இப்போது பட்டறை மூலையில் தலையில்லாமல் நிற்கிறது. உள்ளே வருகிறவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். பிரித்துக்கொண்டோம் என்கிறேன்.

உனக்கு வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது. சேதமில்லாமல். இனி எழுத ஒன்றும் இல்லை.

ஆணிக்காரன்

செப்டம்பர் 20

ஆணிக்காரருக்கு,

இனி எழுத ஒன்றும் இல்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் போதுமா? எனக்கு இருக்கிறது.

கூரையில் அச்சு எடுத்துவிட்டேன். நன்றாக வந்தது. முதல் வாடிக்கையாளருக்கு வார்த்துக் கொடுத்தாயிற்று, இன்னும் ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள். மற்ற பாகங்களையும் வரிசையாக வார்த்துக்கொண்டிருக்கிறேன். கொட்டகை பிழைத்துக்கொண்டது. இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அண்ணன் நச்சரிக்கிறார். ஒப்பந்தத்தில் இருந்ததைத்தான் நீங்கள் செய்தீர்கள், அதனால் சொல்லமாட்டேன்.

கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மழையில் நீங்கள் சொன்ன வார்த்தையை எங்கே வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ரிவிட் துளைகளை அடைத்த இடத்தை இன்றைக்கும் தடவிப் பார்த்தேன்.

இப்போது ஒரு சிக்கல். கூரையைக் கொட்டகையின் குறுக்குக் கட்டையில் தொங்கவிட்டிருக்கிறேன். அதன் கீழே உங்கள் இரும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான்கு பக்கமும் வெட்டின தூணின் நுனியோடு. ஒப்பந்தப்படி கூரை என்னுடையது, இரும்பு உங்களுடையது. அடுத்தவர் பொருளை நான் வைத்துக்கொள்வது சரியில்லை. ஆனால் அதைப் பிரித்து அனுப்ப என்னால் முடியாது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஒட்டில் கம்பி இல்லை. உங்கள் ரிவிட்டும் இல்லை, நானே டார்ச் அடித்து ஓரம் முழுவதும் தேடிவிட்டேன். வெறும் பசை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ன குலுக்கினாலும் ஒரு நூல் அசையவில்லை.

அண்ணன் இதை எடுத்துக்கொண்டு போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "உங்க பஞ்சாயத்துக்கு இனி என் லாரி வராது" என்கிறார். ஆகவே உங்கள் பொருளுக்கு நீங்கள்தான் நேரில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

வரும்போது கட்டிங் மெஷினைக் கொண்டுவரக்கூடாது.

பசைக்காரி